சோப்புக் கரைசல் இபிஆரில் ஒவ்வொரு கோடும் பாதி தலைகீழா வருது: கருவிக் கோளாறா?

#1 கீட்டைல்_கிறுக்கன்

எல்லாருக்கும் வணக்கம். நாலு நாளா மண்டை காயுது, அதான் இங்க வந்துட்டேன்.

பென்சோபீனோனை சோடியம் டோடெசில் சல்பேட் மிசெல்ல, அதாவது சோப்பு மூலக்கூறுகள் தண்ணிக்குள்ள கூடி உண்டாகிற குட்டித் துளியில, கரைச்சு (இனிமே எஸ்டிஎஸ்னே எழுதுறேன்) 308 நானோமீட்டர் எக்ஸைமர் லேசரால அடிச்சு நேரம் பிரிச்ச இபிஆர் (ஜோடி சேராத எலக்ட்ரான் எந்தக் காந்தப்புலத்துல மைக்ரோவேவை உறிஞ்சுது, உமிழுதுன்னு பார்க்கிற முறை) எடுக்கிறேன். எக்ஸ் பேண்ட், 9.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம். ஃபீல்டு மாடுலேஷன் (புலத்தை லேசா ஆட்டி, கோட்டுக்குப் பதிலா அதோட சரிவை, அதாவது டெரிவேட்டிவை, எடுக்கிற வழக்கமான முறை) கிடையாது. டயோடு சிக்னல் நேரா ப்ரீ-ஆம்ப்புக்கு, அங்கிருந்து பாக்ஸ்காருக்கு (குறிச்ச நேர ஜன்னல்ல மட்டும் சிக்னலைச் சராசரி எடுக்கிற கருவி). கேட், அதாவது அந்த ஜன்னல், லேசர் அடிச்சதுல இருந்து 0.3 முதல் 0.5 மைக்ரோசெகண்ட்.

டிரிப்லெட் பென்சோபீனோன் (ரெண்டு எலக்ட்ரானோட ஸ்பின்னும் இணையா இருக்கிற நிலை) எஸ்டிஎஸ் வால்ல இருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும், ரெண்டு ராடிக்கல் (ஜோடியில்லாத எலக்ட்ரான் உள்ள துண்டு) பிறக்கும்: பென்சோபீனோன்ல இருந்து கீட்டைல், எஸ்டிஎஸ்ல இருந்து ஆல்கைல். ஸ்பெக்ட்ரத்துல நடுவுல கீட்டைல் ராடிக்கல், ரெண்டு பக்கமும் ஆல்கைல் ராடிக்கலோட ஆறு கோடு, கோட்டுக்குக் கோடு 2 மில்லிடெஸ்லாவுக்குக் கொஞ்சம் மேல இடைவெளி. இதைத்தான் எதிர்பார்த்தேன். கோடுகள் வர வேண்டிய இடத்துலதான் வருது. ஆனா ஒவ்வொரு கோடும் ரெண்டாப் பிளந்து நிக்குது. குறைந்த புலப் பக்கத்துப் பாதி கீழ்நோக்கி, அதாவது உமிழ்வு. உயர்ந்த புலப் பக்கத்துப் பாதி மேல்நோக்கி, உறிஞ்சல். ஆறு கோட்டுக்கும் இதே கதை. முதல்ல பார்த்தப்போ யாரோ மாடுலேஷனை ஆன் பண்ணி டெரிவேட்டிவ் எடுத்து வெச்ச மாதிரியே இருந்துச்சு. மாடுலேஷன் கேபிளைக் கழட்டியே வெச்சுட்டேன். அப்பவும் அதே.

மைக்ரோவேவ் ஃபேஸ் விலகிப் போச்சா? டிஸ்பெர்ஷன் கலக்குதா? லேப்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. உச்சிக்கும் பள்ளத்துக்கும் நடுவுல அளந்தா 0.44 மில்லிடெஸ்லா.

#2 பழைய_குவார்ட்ஸ்

தம்பி, கருவியைத் திட்டாதீங்க, அது பாவம். நீங்க பார்க்கிறது ஒழுங்கான சிக்னல். 1984-ல சகாகுச்சி, ஹயாஷி, முராய், ஐஹாயா நாலு பேரும் மிசெல்ல கார்பனைல் சேர்மங்களை வெச்சு இதே மாதிரி உமிழ்வு-உறிஞ்சல்-உமிழ்வு-உறிஞ்சல்னு மாறி மாறி வந்த ஸ்பெக்ட்ரத்தை வெளியிட்டாங்க. சரியான விளக்கம் வர மூணு வருஷம் ஆச்சு. 1987-ல ஆக்ஸ்ஃபோர்டுல பக்லி, ஹன்டர், ஹோர், மெக்லாக்லன் ஒரு பக்கம், அமெரிக்காவுல க்ளாஸ், ஃபோர்ப்ஸ், நாரிஸ் இன்னொரு பக்கம், கிட்டத்தட்ட ஒரே நேரத்துல ஒரே விடையைச் சொன்னாங்க: ஸ்பின் பிணைப்பு விடாத ராடிக்கல் ஜோடி.

ஆனா நான் சொல்றேன்னு நம்பாதீங்க. ரெண்டு சோதனை பண்ணுங்க. ஒண்ணு, எஸ்டிஎஸ்ஸை விட்டுட்டு அதே பென்சோபீனோனை 2-புரோப்பனால்ல கரைச்சு எடுங்க. ஃபேஸ் கோளாறுன்னா அங்கேயும் பிளவு வரணும். ரெண்டு, அதே எஸ்டிஎஸ் கரைசல்ல கேட்டை 4, 5 மைக்ரோசெகண்டுக்குத் தள்ளிப் பாருங்க.

இன்னொண்ணு. லேசர் அடிச்சதும் தண்ணி சூடாகி கேவிட்டி லேசா ட்யூன் மாறும், அடிக்கோடு மெதுவா மிதக்கும். புலத்தைக் கோடே இல்லாத இடத்துக்குத் தள்ளி அந்தப் பின்னணியை எடுத்துக் கழிக்கிறீங்களா? கழிக்கலைன்னா எது மேல எது கீழன்னே சொல்ல முடியாது.

#3 ஐயப்பாடு

நான் இயற்பியல் பக்கத்து ஆள், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தத் துறையைப் பத்திப் படிக்கும்போதெல்லாம் ஒரு இடத்துல இடிக்குது. 9.5 கிகாஹெர்ட்ஸ் ஃபோட்டானோட ஆற்றல், அறை வெப்பத்துல இருக்கிற வெப்ப ஆற்றல்ல 650-ல ஒரு பங்கு. வேதிப் பிணைப்போட ஒப்பிட்டா தூசி. அப்படி இருக்க, காந்தத்தைப் பக்கத்துல வெச்சா வினையோட போக்கு மாறும், விளைபொருள் அளவு மாறும்னு சொல்றதை எப்படி ஏத்துக்கிறது? வெப்பச் சலனமே எல்லாத்தையும் கலைச்சுப் போட்டுடாதா?

#4 சுழல்விழி

ஐயப்பாடு கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை சொன்னால் கீட்டைல்_கிறுக்கனின் பிளவும் தானாக விளங்கிவிடும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காந்தப்புலம் வினைக்கு ஆற்றல் எதுவும் கொடுப்பதில்லை. இரண்டு ராடிக்கல்கள் ஒன்றையொன்று தொட்டாலும் அவற்றின் எலக்ட்ரான்கள் சிங்லெட் நிலையில், அதாவது ஸ்பின்கள் ஒன்றையொன்று ஈடுசெய்யும் நிலையில், இருந்தால்தான் பிணைப்பு உண்டாகும். டிரிப்லெட்டாக இருந்தால் முட்டிவிட்டுப் பிரிய வேண்டியதுதான். கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி. கதவைத் தள்ள மிகச் சிறிய விசை போதும், உள்ளே போகிறவர் எத்தனை கிலோ என்பது கணக்கில் வராது.

வெப்பச் சலனம் ஏன் கலைப்பதில்லை? மூலக்கூறு எப்படித்தான் உருண்டாலும், எலக்ட்ரானின் ஸ்பின் சுற்றுப்புறத்தோடு பேசுவது அரிது. இத்தகைய கரிம ராடிக்கல்களில் ஸ்பின் தளர்வுக்கு மைக்ரோசெகண்ட் அளவில் நேரம் பிடிக்கும். அதற்குள் கதை முடிந்துவிடுகிறது. வெப்பச் சமநிலைக்கு வராத ஒன்றை வெப்ப ஆற்றலோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

சரி, கதவைத் திறந்து மூடுவது எது? இரண்டு எலக்ட்ரான்களும் தத்தம் இடத்து அணுக்கருக்களின் சிறு புலத்தை உணர்கின்றன. அவற்றின் ஜி-மதிப்பும் (ஒரே புலத்தில் எவ்வளவு வேகமாகச் சுழலும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) சற்றே வேறு. ஆகவே இரண்டும் சற்று வேறு வேகத்தில் சுழல்கின்றன. சேர்ந்து ஓடத் தொடங்கிய இருவரில் ஒருவர் மெல்ல முந்துவது போல. இருவரும் உணரும் புலத்தில் 1 மில்லிடெஸ்லா வேறுபாடு இருந்தால், டிரிப்லெட்டின் மூன்று நிலைகளில் நடுநிலை சிங்லெட்டாக மாற ஏறத்தாழ 18 நானோசெகண்ட் ஆகும். சாதாரணத் திரவக் கரைசலில் ஜோடி ஒரே கூட்டுக்குள் இருப்பது 1 நானோசெகண்ட்கூடக் கிடையாது. கதவு அசையவே தொடங்கியிருக்காது, ஆள் போய்விடுவார்.

மிசெல் இங்கேதான் நுழைகிறது. எஸ்டிஎஸ் மிசெல் என்பது சுமார் 60 மூலக்கூறுகள் வாலை உள்ளே நீட்டிக் கூடியிருக்கும், ஆரம் 2 நானோமீட்டர் அளவேயான எண்ணெய்த் துளி. அதற்குள் பிறந்த கீட்டைலும் ஆல்கைலும் வெளியே தண்ணீருக்குப் போக விரும்புவதில்லை. நூறு நானோசெகண்டுகளிலிருந்து சில மைக்ரோசெகண்ட் வரை உள்ளேயே அலைந்து, பிரிந்து, மறுபடி மறுபடி சந்திக்கின்றன. ஸ்பின் கலக்க வேண்டிய நேரமும் கூட்டுக்குள் தங்கும் நேரமும் இங்கே ஒத்துப்போகின்றன. மிசெல்லை இந்தத் துறை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

இனி பிளவு. ஆல்கைல் ராடிக்கலின் எலக்ட்ரானாக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். அதே துளிக்குள் கீட்டைலின் எலக்ட்ரான் இருக்கிறது. அது மேல்நோக்கி இருந்தால் உங்கள் ஒத்ததிர்வு ஒரு பக்கம் நகரும், கீழ்நோக்கி இருந்தால் மறுபக்கம் நகரும். பரிமாற்ற இடைவினை ஜே, அதாவது இரண்டு எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று உணரும் வலிமை, செய்யும் வேலை இது. ஒரு கோடு இரண்டாகிறது, நடுவே 2ஜே இடைவெளி. பென்சோபீனோன் டிரிப்லெட்டிலிருந்து வந்ததால் ஜோடி பிறக்கும்போது மூன்று டிரிப்லெட் நிலைகளும் சமமாக நிரம்பியிருக்கின்றன. 0.34 டெஸ்லா புலத்தில் மேல் நிலையும் கீழ் நிலையும் தனியே ஒதுங்கிவிட, நடுநிலை மட்டும் சிங்லெட்டோடு கலந்து இரண்டு கலப்பு நிலைகளாகிறது. தன் பங்கு மக்கள்தொகையை இரண்டுக்கும் பகிர்ந்துகொடுப்பதால் இரண்டுமே மெலிந்துபோகின்றன. போதாக்குறைக்கு அங்கிருந்து வினையாகவும் கசிகிறது. மேலிருந்து நடுவுக்கு வரும் தாவல் உமிழ்வு, அடியிலிருந்து நடுவுக்குப் போகும் தாவல் உறிஞ்சல். ஒவ்வொரு கோட்டிலும் இரண்டும் அடுத்தடுத்து விழுகின்றன. குறைந்த புலத்தில் உமிழ்வு என்றால், டிரிப்லெட் தொடக்கத்துக்கு, ஜே எதிர்க்குறி. வழக்கமான நிலைமை.

#5 நக்கல்_நாயகம்

அப்போ ஒரே வீட்டுக்குள்ள முகம் திருப்பிக்கிட்டு இருந்தாலும் ஒருத்தர் மூடு இன்னொருத்தரைப் பாதிக்கும்னு சொல்றீங்க.

#6 கீட்டைல்_கிறுக்கன்

அக்கா, ரொம்ப நன்றி. இதை மூணு தடவை படிச்சேன்.

குவார்ட்ஸ் அண்ணா சொன்ன ரெண்டும் முடிச்சாச்சு. 2-புரோப்பனால்ல ஏழு கோடு சுத்தமா வந்துச்சு, 1.96 மில்லிடெஸ்லா இடைவெளி, ஓரத்துக் கோடு மட்டும் இரைச்சல்ல மங்கல். ஒண்ணுகூடப் பிளக்கலை. குறைந்த புலப் பாதிக் கோடுகள் உமிழ்வு, உயர்ந்த புலப் பாதி உறிஞ்சல், அவ்வளவுதான். ஃபேஸ் சரி. எஸ்டிஎஸ்ல கேட்டை 5 மைக்ரோசெகண்டுக்குத் தள்ளினா பிளவு மறைஞ்சு ஒத்தைக் கோடா மாறுது, அந்த நேரத்துல சிக்னலும் நோஞ்சான். ஜோடி பிரிஞ்சு ஆல்கைல் தனியாப் போயிருச்சுன்னு புரிஞ்சுக்கிறேன்.

ஆக 2ஜே = 0.44 மில்லிடெஸ்லா. அட்டவணையில ஏத்திட்டேன். கைடு இந்த வாரமே கேட்டிருக்கார். இழையை மூடிடலாமா?

#7 கணக்குப்பிள்ளை

மூடாதீங்க. அந்த எண்ணை முதல்ல அட்டவணையை விட்டு எடுங்க.

நீங்க அளந்தது உச்சிக்கும் பள்ளத்துக்கும் நடுவுல உள்ள தூரம். அது 2ஜே இல்ல. எதிரெதிர்க் குறியோட ரெண்டு கோடு ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சா நடுவுல ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும். மிஞ்சி நிக்கிற உச்சிகள் வெளியே தள்ளிப் போயிரும். ஜே எவ்வளவு சின்னதானாலும் இடைவெளி ஒரு எல்லைக்குக் கீழ சுருங்கவே சுருங்காது. லொரென்ட்ஸ் வடிவக் கோடுன்னா அந்த எல்லை அரை உயர அகலத்துல 0.577 மடங்கு. காஸ் வடிவம்னா இன்னும் மோசம், 0.85 மடங்கு. முதல் பதிவுல நீங்களே "டெரிவேட்டிவ் மாதிரி இருக்கு"ன்னு எழுதினீங்களே, அது கணித ரீதியாவே உண்மை. பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு கோட்டோட வித்தியாசம்தானே டெரிவேட்டிவ்.

சும்மா சொல்லக் கூடாதுன்னு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கோட்டு அகலம் 0.70 மில்லிடெஸ்லா, லொரென்ட்ஸ் வடிவம்னு வெச்சுக்கிட்டா:

2ஜே 0.1 என்றால் தெரியும் இடைவெளி 0.41
2ஜே 0.2 என்றால் 0.44
2ஜே 0.4 என்றால் 0.53
2ஜே 1.0 என்றால் 1.02

முதல் மூணையும் பாருங்க. 2ஜே நாலு மடங்காகுது, இடைவெளி 0.41ல இருந்து 0.53க்குத்தான் போகுது. உங்க 0.44, இந்த அகலத்துக்கு, 0.2ஐத்தான் காட்டுது. சரிபாதிக்கும் கீழ. சின்ன ஜேக்கு இடைவெளியில தகவலே இல்ல. தகவல் உயரத்துல இருக்கு: ஜே இரட்டிச்சா உச்சியோட உயரம் கிட்டத்தட்ட இரட்டிக்கும்.

உங்க கோட்டு அகலம் என்ன?

#8 பழைய_குவார்ட்ஸ்

கணக்குப்பிள்ளை சொல்றது சரி, ஆனா கொஞ்சம் பயமுறுத்துறார். அவரோட கடைசி வரியைப் பாருங்க, 2ஜே அகலத்தைத் தாண்டிட்டா இடைவெளியும் 2ஜேயும் ஒண்ணாயிடுது. ரெண்டு முனையையும் ஒரு சங்கிலியால கட்டின பைராடிக்கல்கள்ல ஜே பெருசு, அங்க நேரா அளந்தா போதும். ஸ்கேலை வெச்சு அளக்கிறதே பாவம்னு ஆக்கிடாதீங்க.

#9 கணக்குப்பிள்ளை

அண்ணா, பைராடிக்கலை நான் எதுவும் சொல்லலையே. பேச்சு மிசெல்லைப் பத்தி. மிசெல்ல ஜே ஒரு நிலையான எண்ணே கிடையாது. தூரத்தோட அடுக்குக்குறி வேகத்துல விழுற ஒண்ணு, ரெண்டு ராடிக்கலும் ஓடிக்கிட்டே இருக்கு. தொட்டுக்கிட்டிருக்கும்போது மலை மாதிரி, எதிரெதிர் மூலையில இருக்கும்போது பூஜ்யம். நாம பொருத்தி எடுக்கிறது அதோட சராசரி. அந்த ஆட்டம் கோட்டையும் அகலப்படுத்தும். அதனால 5 மைக்ரோசெகண்டுல தனி ராடிக்கலோட அகலத்தை அளந்து அதையே 0.4 மைக்ரோசெகண்டுக்கும் போடுறதும் முழுசாச் சரியில்ல. ஜோடியா இருக்கும்போது அகலம் அதைவிடக் கூடுதலா இருக்கலாம், குறைய வாய்ப்பில்ல.

#10 பழைய_குவார்ட்ஸ்

அதை ஒத்துக்கிறேன். கூடவே மைக்ரோவேவ் பவரையும் பாருங்க தம்பி. சிக்னல் பெருசா வருதேன்னு பவரை ஏத்தி வெச்சிருப்பீங்க, எல்லாரும் பண்றதுதான். கோடு அகலும், நேரப் போக்குல அலை அலையா ஏறி இறங்கும், அதை ஏதோ வேதி வேகம்னு நினைச்சு ஏமாறுவோம். நான் ஒரு வருஷம் ஏமாந்திருக்கேன். கேட்டை 0.1 மைக்ரோசெகண்டுக்குக் கொண்டுவந்தாலும் கோடு அகலும், அவ்வளவு குறைஞ்ச நேரத்துல அலைவரிசையைத் துல்லியமாச் சொல்லவே முடியாது.

#11 சோப்புக்குமிழ்

எல்லாரும் ஸ்பின்னைப் பத்தியே பேசுறீங்க, சோப்பைப் பத்தி யாரும் கேட்கலை. நான் மிசெல் ஆள். கிறுக்கரே, உங்க கரைசல் எவ்வளவு செறிவு? பென்சோபீனோன் எவ்வளவு?

#12 கீட்டைல்_கிறுக்கன்

எஸ்டிஎஸ் 0.1 மோலார். பென்சோபீனோன் 5 மில்லிமோலார். நைட்ரஜன் ஓட்டி ஆக்சிஜனை வெளியேத்தி, தட்டை குவார்ட்ஸ் செல்லுக்குள்ள பம்பு வெச்சு ஓட விடுறேன். நைட்ரஜன் ஓட்டுறது ஒரு நாள் கூத்து: நுரை பொங்கி குடுவையைத் தாண்டி மேஜைக்கு வந்து, பக்கத்துல இருந்த நோட்டு வரைக்கும் நனைச்சிருச்சு.

#13 சோப்புக்குமிழ்

நினைச்சேன். கரைசலுக்குள்ள குழாயை விட்டு வேகமா ஊதாதீங்க. மேற்பரப்புக்கு மேல நைட்ரஜனை ஓட விட்டு, காந்தக் கலக்கியை மெதுவாப் போட்டு அரை மணி நேரம் பொறுங்க. நுரை வராது.

இப்போ செறிவு. எஸ்டிஎஸ்ல முதல் 8 மில்லிமோலார் தனி மூலக்கூறாவே கரைஞ்சு கிடக்கும். மீதி 92தான் மிசெல் ஆகுது. மிசெல்லுக்கு 62 மூலக்கூறுன்னு வகுத்தா மிசெல் செறிவு 1.5 மில்லிமோலார். நீங்க 5 மில்லிமோலார் பென்சோபீனோனை உள்ள திணிச்சிருக்கீங்க. சராசரியா ஒரு மிசெல்லுக்கு மூணுக்கு மேல! அப்புறம் ஒரே துளிக்குள்ள ரெண்டு டிரிப்லெட் எழும்பி ஒண்ணை ஒண்ணு அணைக்கும், இல்லைன்னா ரெண்டு ஜோடி பிறந்து யாரு யாரோட ஜோடின்னே தெரியாமப் போகும். 0.3 மில்லிமோலாருக்கு இறங்குங்க, ரெண்டோ அதுக்கு மேலயோ உட்கார்ந்த மிசெல் 2 சதவீதத்துக்கும் கீழ போயிரும். சிக்னல் குறையும்தான், சராசரி எடுக்கிற தடவையைக் கூட்டுங்க.

அடுத்தது, எஸ்டிஎஸ் பாட்டிலைத் திறந்து அப்படியே போட்டீங்களா? பழைய எஸ்டிஎஸ்ல சல்பேட் உடைஞ்சு டோடெக்கனால் கலந்திருக்கும். அது மிசெல்லுக்குள்ள போய் உட்கார்ந்து அளவையே மாத்தும். எத்தனால்ல மறுபடிகமாக்கிட்டு எடுங்க. அறை 16 டிகிரிக்குக் கீழ போனா எஸ்டிஎஸ் படிகமாயிரும், தட்டை செல் அடைச்சுக்கும், பம்பு குழாயைக் கழட்டி விட்டுரும். பஃபர் போடுறதா இருந்தா சோடியம் உப்பு மட்டும். பொட்டாசியம் பாஸ்பேட்டை ஊத்தினா அடுத்த நொடி தயிர் மாதிரி வெள்ளையாத் திரிஞ்சு போகும். பொட்டாசியம் டோடெசில் சல்பேட் அறை வெப்பத்துல கரையாது.

நீங்க ஜே பத்தி ஏதாவது உருப்படியாச் சொல்லணும்னா மிசெல் அளவை மாத்திப் பாருங்க. வாலைச் சுருக்கினா துளி சின்னதாகும், ரெண்டு பேரும் அடிக்கடி சந்திப்பாங்க, சராசரி ஜே ஏறணும். டெசில் சல்பேட், ஆக்டைல் சல்பேட்னு போங்க.

#14 ஐயப்பாடு

சுழல்விழி அவர்களே, கதவு உவமை பிடிச்சிருக்கு, ஏத்துக்கிறேன். ஆனா ஸ்பெக்ட்ரம் வேற, வினை வேற. ஸ்பின் கதவு வேதியியலை நிஜமாவே மாத்துதுன்னு விளைபொருளை எடை போட்டுக் காட்டினவங்க இருக்காங்களா?

#15 சுழல்விழி

இருக்கிறார்கள், அதுவும் இந்தத் துறையின் மிக அழகான சோதனைகளில். டைபென்சைல் கீட்டோனை ஒளியால் உடைத்தால் பென்சைல் ராடிக்கலும் ஃபீனைலசிட்டைல் ராடிக்கலும் டிரிப்லெட் ஜோடியாகப் பிறக்கின்றன. ஃபீனைலசிட்டைல் கார்பன் மோனாக்சைடை உதற நூறு நானோசெகண்டுக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் ஜோடி சிங்லெட்டானால் மறுபடி கீட்டோன், இல்லையென்றால் கார்பன் மோனாக்சைடு போய்விடும், திரும்பிவர வழியில்லை. இப்போது கார்பனைல் இடத்தில் கார்பன்-13 இருக்கும் மூலக்கூறை எண்ணிப் பாருங்கள். கார்பன்-12 கருவுக்குக் காந்தத்தன்மை இல்லை, கார்பன்-13க்கு உண்டு. அந்த இடத்தில் அந்தக் கருவின் காந்தத்தை எலக்ட்ரான் உணரும் அளவு சுமார் 12 மில்லிடெஸ்லா, மிகப் பெரியது. ஆகவே கார்பன்-13 ஜோடி சீக்கிரம் சிங்லெட்டாகித் தாய்ச் சேர்மத்துக்கே திரும்புகிறது. ஒளியை விட்டுக்கொண்டே இருந்தால் எஞ்சும் கீட்டோனில் கார்பன்-13 செறிவடைகிறது. புச்சாசென்கோ குழு 1976-ல் இந்தக் காந்த ஐசோடோப் விளைவைக் கண்டது. டுரோவும் க்ராய்ட்லரும் 1978-ல் மிசெல்லுக்குள் செய்தபோது விளைவு பன்மடங்கு ஓங்கியது. நிறை வேறுபாட்டால் இவ்வளவு பிரியாது. வெளிக் காந்தம் வைத்தால் மேல், கீழ் டிரிப்லெட் நிலைகள் ஒதுங்கிக் கதவு பாதி மூடிக்கொள்கிறது, கூட்டுக்குள் மீளும் பங்கு குறைகிறது.

இரண்டாவது சான்று நேரடியானது. காந்தப்புலம் அந்த இரு நிலைகளைப் பூட்டி வைக்கிறது அல்லவா? ஒத்ததிர்வில் மைக்ரோவேவ் கொடுத்தால் பூட்டியவை மறுபடி நடுநிலைக்கு இறங்கும், அங்கிருந்து சிங்லெட், அங்கிருந்து வினை. அப்படியானால் மைக்ரோவேவ் எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று பார்க்கவே வேண்டாம். தப்பியோடிய ராடிக்கல் எவ்வளவு குறைந்தது என்று எண்ணினால் போதும். 1986-ல் ஒகாசாகியும் ஷிகாவும் மிசெல்லில் இதைச் செய்தார்கள். தப்பிய ராடிக்கலை ஸ்பின் பொறியில் (ராடிக்கலோடு சேர்ந்து நீடிக்கும் சேர்மமாக மாறும் மூலக்கூறில்) பிடித்து, புலத்தை நகர்த்த நகர்த்த அதன் அளவு ஏறி இறங்குவதைக் காட்டினார்கள். ஓர் இபிஆர் ஸ்பெக்ட்ரம், ஆனால் நெட்டச்சில் இருப்பது விளைபொருள். அந்த வரைபடத்தை முதலில் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

#16 ஐயப்பாடு

சரி, தோத்தேன்.

#17 சொல்லாய்வான்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். பாடநூலில் "தனி உறுப்பு" என்று ஒரு சொல் இருக்க, எல்லோரும் ராடிக்கல் ராடிக்கல் என்கிறீர்களே?

#18 சுழல்விழி

இங்கே அந்தச் சொல் இடறுகிறது ஐயா. இந்த இழை முழுக்க அவை தனியாக இல்லை என்பதைத்தான் பேசுகிறோம். "தனி உறுப்பு ஜோடி" என்று எழுதினால் வாசிப்பவர் சிரிப்பார்.

#19 கீட்டைல்_கிறுக்கன்

பத்து நாள் கழிச்சு வரேன். நடந்ததைச் சொல்றேன்.

எஸ்டிஎஸ்ஸை மறுபடிகமாக்கி, பென்சோபீனோனை 0.3க்கு இறக்கி மறுபடி எடுத்தேன். இடைவெளி 0.44தான், மாறலை, ஆனா நடுவுல கீட்டைல் பகுதி ரொம்பத் தெளிவாயிருச்சு. 5 மைக்ரோசெகண்டுல ஒத்தைக் கோட்டோட அகலம் 0.70. கணக்குப்பிள்ளை அண்ணன் எப்படி அதே எண்ணைப் பிடிச்சார்னு தெரியலை. ஆக எஸ்டிஎஸ்ல 2ஜே 0.2 பக்கம்.

அடுத்து ஆக்டைல் சல்பேட். அதே 0.1 மோலார் கரைச்சேன். பிளவே இல்ல, சிக்னலே சொற்பம். ரெண்டு நாள் லேசர் சரியில்லைன்னு கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன்.

#20 சோப்புக்குமிழ்

ஐயோ. ஆக்டைல் சல்பேட் மிசெல் ஆகவே 130 மில்லிமோலார் வேணும். உங்க கரைசல்ல மிசெல்லே கிடையாது! நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். டெசிலுக்கு 33. உதிரி மூலக்கூறைக் கழிச்சுட்டு மிசெல் செறிவு சமமா வர்ற மாதிரி கணக்குப் போட்டுக் கரைங்க.

#21 கீட்டைல்_கிறுக்கன்

அது மூணாம் நாள் எனக்கே உறைச்சுது. ஆக்டைலை ஓரம் வெச்சுட்டு டெசில் எடுத்தேன், தேவையான செறிவுல. பிளவு அழகா வந்துச்சு. இடைவெளி 0.53.

இந்த இழை இல்லைன்னா "0.44ல இருந்து 0.53, சின்ன ஏற்றம், மிசெல் அளவு ஜேயைப் பெருசாப் பாதிக்கலை"ன்னு எழுதிக் கொடுத்திருப்பேன். கணக்குப்பிள்ளை அண்ணன் கணக்குப்படி இது 0.2ல இருந்து 0.4, இரட்டிப்பு!

#22 கணக்குப்பிள்ளை

அவசரம். அது டெசில்லயும் அகலம் 0.70தான்னா. துளி சின்னதானா சந்திப்பு கூடும், ஜே ஆட்டமும் மாறும், அகலம் ஏறியிருக்கலாம். 0.80ன்னு போட்டுப் பார்த்தேன், அதே 0.53 இடைவெளிக்கு 2ஜே 0.31தான் வருது. ஏறியிருக்கு, அதுல சந்தேகம் இல்ல. இரட்டிப்பான்னு கேட்டா கையெழுத்துப் போட மாட்டேன். இடைவெளியை மட்டும் பிடிச்சுக்கிட்டுத் தொங்காம முழு வடிவத்தையும் பொருத்துங்க, அகலத்தைப் பூட்டாம. ஓரத்து வால் எப்படி விழுதுங்கிறதுதான் அகலத்தைச் சொல்லும்.

#23 பழைய_குவார்ட்ஸ்

பொருத்துறதுக்கு முன்னாடி பவரை நாலுல ஒண்ணாக் குறைச்சு ரெண்டு கரைசலையும் மறுபடி ஓட்டுங்க. அகலம் அப்பவும் அதேன்னா நிம்மதி.

#24 கீட்டைல்_கிறுக்கன்

குறைச்சு எடுத்துட்டேன் அண்ணா, இப்பதான் லேப்ல இருந்து வரேன். எஸ்டிஎஸ்ல அகலம் அசையலை. டெசில்ல கேட் 0.4ல அகலத்தைப் பூட்டாமப் பொருத்தினா 0.77 வருது, 2ஜே 0.33. அகலத்தை 0.70ல பூட்டினா 0.40. அட்டவணையில ஒரு எண்ணுக்குப் பதிலா ரெண்டையும் எழுதி, எது எப்படி வந்துச்சுன்னு பக்கத்துலயே போட்டிருக்கேன். கைடு பார்த்துட்டு "ஏன் ஒரே எண்ணாக் கொடுக்க முடியலை"ன்னார். இழையோட ஏழாவது பதிவை அச்செடுத்துக் கொடுத்தேன். படிச்சுட்டுத் திருப்பித் தரலை.

ஆக்டைலை 0.25 மோலார்ல கரைச்சு வெச்சிருக்கேன். நாளைக்கு லேசர் நேரம் காலையில நாலு மணி நேரம்தான். நைட்ரஜன் மேலாப்புல ஓடிக்கிட்டிருக்கு, இதுவரைக்கும் நுரை இல்ல.